செல்ஃப் எடுக்கவில்லை

ஷூ கம்பெனியின் ஒரு மணிச் சங்கு ஊதி அடங்கியபோது சொர்க்க ரதம் தெருமுனைக்கு வந்து சேர்ந்தது. இருதயராஜ் இன்ஜினை நிறுத்தினார்.

அங்கே நிறுத்துவது வழக்கம். பெண்கள் அதற்கு மேல் வருவதில்லை. பின்கதவைத் திறந்துவிட்டால் சுற்றி வந்து, கடைசியாக முகம் பார்த்து, அழுதுவிட்டுத் திரும்புவார்கள். அவர்கள் அழும்போது வண்டி உறுமக் கூடாது. புகை வேறு முகத்தில் அடிக்கும்.

அன்று இறந்தவர் பஞ்சாட்சரம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போகும் சாலையில் அவருடைய ஊர். வீட்டிலிருந்து மேளத்தின் நடைக்கு வண்டி ஊர்ந்து வந்திருந்தது. முதல் கியரை விட்டு மாறவில்லை. பட்டாசுக்கு நின்றது. மாலைக்கு நின்றது. பங்குனி வெயில்.

பெண்கள் திரும்பினார்கள். இருதயராஜ் சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை.

மறுபடி திருப்பினார். டக்.

காரணம் அவருக்குத் தெரியும். அந்த வேனில் இன்ஜினை விட்டுப் புகைக்குழாய் வெளியே வரும் இடத்துக்கு நாலு விரல் கீழே ஸ்டார்ட்டர் மோட்டார் இருந்தது. வேகமாகப் போனால் காற்றுப் பட்டு ஆறும். ஊர்ந்து வந்து நின்றால் குழாயின் சூடு முழுக்க மோட்டாருக்குள் இறங்கிவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானாக எடுக்கும்.

இதை யாரிடம் சொல்வது என்று பார்த்தார். மேளம் நின்றிருந்தது.

"தள்ளுங்கப்பா" என்றான் ஒருவன்.

"அடச்சீ. பொணத்தைத் தள்ளி அனுப்பறதா? யார் வூட்டுப் புள்ளடா நீ?"

பிறகு கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"பெரியவரு யாரையோ தேடுறாரு."

கூட்டம் அதைக் கேட்டது. யாரை என்று யாரும் கேட்கவில்லை. பஞ்சாட்சரத்துக்கு ஒரு தம்பி இருந்தார். கிணற்றுத் தகராறில் பன்னிரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. இரண்டு பேர் பைக்கில் போனார்கள். தம்பி காலையிலிருந்து வேட்டி கட்டிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாராம். வந்தார். கால் மாட்டில் நின்று பாதங்களைப் பிடித்தார். "அண்ணா" என்றார். 

"இப்ப எடு டிரைவரே."

எடுத்தது.

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. சிலர் இருதயராஜையும் பார்த்துக் கும்பிட்டார்கள். அவர் கியர் போட்டார்.

பெண்கள் பக்கத்தில் ஜோதி நின்றிருந்தாள். பஞ்சாட்சரத்தின் மகளும் அவளும் கம்பெனியில் ஒரே தையல் லைன். லைன் பெண்களோடு மாலை போட வந்தவள். அப்போது அவளை இருதயராஜுக்குத் தெரியாது.

வண்டிக்குப் பெயர் வந்தது. அந்த நிக்கிற வண்டியே வரட்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். வேண்டவே வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். வண்டியின் முதலாளி முனிரத்தினம் இரண்டையும் கேட்டு இருதயராஜ் மேல் எரிந்து விழுந்தார்.

"ரதம் நின்னா அபசகுனம்யா. ஒருத்தரு வூட்டுல நல்லதா போச்சி. இன்னொருத்தரு வூட்டுல யாரையும் தேடலைன்னா? என்னையத் தேடுவாங்க. மொதல்ல அத சரி பண்ணு."

இருதயராஜின் மனைவி ஹெலனும் தையல் லைனில்தான். பக்கத்துக் கையுறை யூனிட்டிலிருந்து ஒரு முரட்டுத் தோல் துண்டு கேட்டு வாங்கி வந்தாள்.

"வெல்டிங் வேலை செய்றவங்க இத்தத்தான் கையில மாட்றாங்க. நெருப்பையே தாங்குது. உங்க மோட்டாரைத் தாங்காதா?"

அவருக்கும் சரியென்று பட்டது. ஆம்பூரில் எதற்கும் தோல்தான் முதலில் கைக்கு வரும். மோட்டாரின் மேல் இரண்டு சுற்றாகச் சுற்றிக் கம்பியால் கட்டினார்.

இரண்டு சாவுக்குப் பிரச்சினை இல்லை. மூன்றாவது ஆம்பூர் டவுனுக்குள். கடைவீதி நெரிசலில் வண்டி நகரவே நேரமாயிற்று. தெருமுனையில் நிறுத்தினார். பெண்கள் பின்கதவருகே வந்தார்கள். அப்போது வாசனை வந்தது. தோல் கருகும் வாசனை.

இறந்தவரின் மூத்த மகன் மூக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடி வந்தான்.

"இன்னாய்யா, சுடுகாடு போறதுக்குள்ளயே கொளுத்திட்டியா?"

அவனுடைய அம்மா அதைக் கேட்டு மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்தார்கள். இருதயராஜ் இறங்கி நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று அவரால் விளக்க முடியவில்லை.

மறுநாள் காலை வண்டியைப் பைபாஸில் மெக்கானிக் வாஹித் பாஷா கடைக்கு ஓட்டிப் போனார். வாஹித் பாஷா கீழே படுத்துப் பார்த்தார். சிரிப்புச் சத்தம்தான் முதலில் வெளியே வந்தது.

"இருதயம், செல்ஃபுக்கு ஷூ தைச்சிப் போட்டிருக்கியே."

"கிண்டல் பண்ணாத பாய்."

"இல்லப்பா, ஆம்பூர்காரன்னு காட்டிட்டே. லேஸ் ஒண்ணுதான் கம்மி."

தோல் பாதியாகச் சுருங்கி அப்பளம் போல் விறைத்திருந்தது. சுருங்கிய வேகத்தில் சின்ன ஒயரையும் இழுத்துப் பிய்க்கப் பார்த்திருந்தது. வாஹித் பாஷா தோலை இடுக்கியால் உரித்து எடுத்து மண்ணில் போட்டார்.

"போர்வை போத்தினா சூடு உள்ள போவாதுன்னு நெனைச்சே. உள்ள போனது வெளிய வராதே. அத யோசிச்சியா?"

"பின்ன இன்னா பண்றது?"

"ஒட்டக் கூடாது. ஒரு தகரம் வக்கணும். குழாய்க்கும் மோட்டாருக்கும் நடுவால. ரெண்டுத்தையும் தொடாம. ரெண்டு பக்கமும் விரல் நுழையற சந்து வேணும். அந்தச் சந்துல போற காத்துதான் காவல். தகரம் சும்மா பேருக்கு."

தகரத்தை வெட்டி, வளைத்து, இன்ஜின் போல்ட்டிலிருந்து ஒரு பட்டை எடுத்து மாட்டினார். புகைக்குழாயின் மேல் சூடு தாங்கும் நாடாவைத் தண்ணீரில் நனைத்து நெருக்கமாகச் சுற்றினார். ஒயருக்கு ஒரு உறை போட்டார். பிறகு இன்ஜினை ஓடவிட்டுத் தொழுகைக்குப் போனார். திரும்பி வந்து நிறுத்தச் சொன்னார். இருவரும் டீ குடித்தார்கள்.

"இப்ப திருப்பு."

ஒரே திருப்பில் எடுத்தது.

"இனிமே உன் பொணம் யாரையும் தேடாது. போ."

அதற்குப் பிறகு எந்தத் தெருமுனையிலும் வண்டி எடுக்காமல் நிற்கவில்லை. முனிரத்தினம் நிம்மதியானார். இருதயராஜும்தான்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஜோதி வீட்டுக்கு வந்தாள். ஹெலன் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நம்ம லைனுதான். உங்க கிட்டதான் ஏதோ பேசணுமாம்" என்றாள் ஹெலன்.

ஜோதி கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்தாள்.

"எங்கம்மாவை ஆஸ்பத்திரியில இருந்து வூட்டுக்கு அனுப்பிட்டாங்கண்ணா. இனிமே பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

"நீ போய்ப் பாத்தியாம்மா?"

"ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசல்ல எங்கண்ணன் நின்னுக்கினு இருந்தான். 'யாரும்மா வேணும்'னு கேட்டான். என்னை. யாரோ மாதிரி."

அவள் கல்யாணம் செய்துகொண்ட ராஜேஷ் வேறு சாதி. நாலு வருடமாக அந்தத் தெருவுக்குள் அவள் போனதில்லை. அம்மா கமலம் மட்டும் சந்தை நாட்களில் பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்பாள். படுத்த பிறகு அதுவும் இல்லை. இதையெல்லாம் ஹெலன்தான் சொன்னாள். ஜோதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊருக்கு உங்க வண்டிதானேண்ணா வரும்?"

"ஆமா. அந்தப் பக்கம் வேற ரதம் கிடையாது."

"தெருமுனையில நிக்கும் இல்ல. நான் பாத்தேன், பஞ்சாட்சரம் ஐயா சாவுல. பேசாத தம்பியைப் போய்க் கூட்டினு வந்தாங்க. எங்க ஊர்லயும் அப்பிடித்தான் கேப்பாங்க. கமலம் யாரைத் தேடுறான்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும். நான் ரோட்டுக்கு இந்தாண்டதான் நின்னுக்கினு இருப்பேன். ஒருத்தர் கை காட்டினா போதும்."

"அது செத்தவங்க தேடுறது இல்லம்மா. சூடு. புகைக்குழாய் சூடு செல்ஃபுக்கு ஏறிடும். ஆறினா எடுக்கும்."

"எதுவா இருந்தா இன்னாண்ணா? கூப்ட்டாங்க இல்ல."



"இப்ப நிக்காதும்மா. சரி பண்ணியாச்சு. நடுவுல தகரம் வச்சிட்டோம்."

"எப்ப?"

"போன மாசம்."

ஜோதி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அந்தத் தகரத்தைக் கழட்டிடுங்கண்ணா."

"கழட்டறதா?"

அடுப்படியிலிருந்து ஹெலனின் குரல் வந்தது. "தகரத்தை எதுக்குக் கழட்டணும்? எடுக்கலன்னு சொன்னா எடுக்கல. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"பொணத்தை வச்சிக்கினு பொய் சொல்லச் சொல்றியா?"

"அன்னிக்கு அந்தக் கூட்டம் கும்பிட்டுச்சே. சூடுதான்னு வாயைத் தொறந்து சொன்னீங்களா? வாங்கிக்கினுதானே வந்தீங்க."



"மூஞ்சியைப் பாத்துட்டுப் போயிடறேன்ணா" என்றாள் ஜோதி. "அழக்கூட மாட்டேன்."

அவர் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அவள் போகும்போது வாசல் வரை போய் நின்றார்.

கமலம் புதன்கிழமை விடியலில் இறந்தாள். முனிரத்தினத்துக்குப் போன் செய்தவன் அவளுடைய மூத்த மகன், ஜோதியின் அண்ணன் பாண்டியன். பகல் பதினோரு மணிக்கு இருதயராஜ் வண்டியை அந்த வீட்டு முன் நிறுத்திவிட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்தார். ஹெலன் கம்பெனியிலிருந்து போன் செய்தாள். ஜோதி அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள் என்றாள். 

வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று இருந்தது. அதைத் திருப்பிவிட்டால் சாவிக்கு டக் என்ற சத்தம்கூட வராது. இருதயராஜ் ஒருமுறை உள்ளே ஏறி உட்கார்ந்து, குனியாமல் கை எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டார். எட்டியது.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். மேளம் கிளம்பியது. வண்டி பின்னால் ஊர்ந்தது. சூட்டு முள் ஏறியது. அவர் அதைப் பார்க்கவில்லை. தெரு வளைந்ததும் மெயின் ரோடு தெரிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஞ்சர் கடை. கடையின் தகரக் கூரைக்குக் கீழே கம்பெனியின் நீலக் கோட்டோடு ஜோதி நின்றிருந்தாள். தனியாகத்தான் வந்திருந்தாள்.

தெருமுனையில் இன்ஜினை நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இடது கையைக் கீழே விட்டுச் சுவிட்சைத் திருப்பினார். பின்னால் பெண்கள் மாரடித்து அழுதார்கள். ஒருத்தி கமலத்தின் சமையலைச் சொல்லி அழுதாள். ஒருத்தி அவள் பட்ட நோவைச் சொல்லி அழுதாள். பெற்ற பிள்ளைகளைச் சொல்லி அழுதவள் இரண்டு பேரைத்தான் சொன்னாள்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"எடுங்க டிரைவரே."

சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. இன்னொரு முறை திருப்பினார். பிறகு கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"செல்ஃப் எடுக்கல."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டதாக அவருக்கே பட்டது.

மேளம் ஒவ்வொன்றாக அடங்கியது. கமலத்தின் நாத்தனார் பெண்கள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். வயதானவள். வண்டியின் பக்கக் கண்ணாடியில் கையை வைத்தாள்.

"பாண்டியா. உங்கம்மா யாரையோ தேடுறாடா."

அந்த வார்த்தை வந்துவிட்டது. இருதயராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். ஒருவரும் ரோட்டுப் பக்கம் திரும்பவில்லை. அவ்வளவு பேரும் திரும்பாமல் நின்றார்கள். பஞ்சர் கடையில் ஜோதி கூரையின் நிழலை விட்டு ஒரு எட்டு வெளியே வந்தாள்.

"யாரைத் தேடப் போவுது?" என்றாள் நாத்தனார். "பெத்தவளாச்சே. பெத்ததைத்தான்."

"ஆமா" என்றான் பாண்டியன். தொண்டையைச் செருமினான். "கௌதமைத் தேடுது. அவன்தான் வரல."

கௌதம் இளையவன். ஓமனில் வேலை. டிக்கெட் கிடைக்கவில்லை.

கூட்டத்தில் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"ஆமா, சின்னவன்."

"கடைக்குட்டி ஆச்சே. பின்ன தேடாதா?"

"போனைப் போடுப்பா. வீடியோல போடு."

நாத்தனார் இன்னும் கையை எடுக்கவில்லை. வாயைத் திறந்தாள். பாண்டியன் அவளைப் பார்த்தான். அவள் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

பின்கதவு மறுபடி திறந்தது. யாரோ போனை உள்ளே நீட்டிப் பிடித்தார்கள். சிக்னல் சரியில்லை. ரோட்டுப் பக்கம் நகர்த்திப் பார்த்தார்கள். பிறகு கௌதமின் குரல் வந்தது. அம்மா, அம்மா என்று இரண்டு முறை தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு அழுகை மட்டும். அவனுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தெருவே அழுதது. மேளக்காரர்களில் ஒருவரும் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

இருதயராஜ் முன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார். ஜோதி ரோட்டின் ஓரத்துக்கு வந்திருந்தாள். அங்கிருந்து அவளுக்கு என்ன கேட்டிருக்கும் என்று தெரியவில்லை. ஒரு லாரி போனது. அது போன பிறகும் அங்கேயே நின்றாள். தன்னைத்தான் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்திருக்கலாம். கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்துக்கொண்டாள்.

"இப்ப எடுங்க டிரைவரே."

சாவியைத் திருப்பினார். சத்தமில்லை.

"இன்னும் எடுக்கலப்பா."

கூட்டம் சலசலத்தது. "சின்னவன்தான் பேசிட்டானே." "அப்புறம் இன்னா?" "வேற யாராச்சும்..." அந்தக் குரல் பாதியில் நின்றது.

பாண்டியன் முன்னால் வந்து மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறினான். கதவைச் சாத்திக்கொண்டான். மொட்டையடித்த தலை. ஈர வேட்டி. இருதயராஜைப் பார்க்கவில்லை. முன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துப் பேசினான். மெதுவாகத்தான் பேசினான்.

"நானும் டேங்கர் ஓட்டறவன்தான்ணா. வாஹித் பாய் கடைதான் எனக்கும். தகரம் வச்ச கதையை நீங்க போனப்புறம் ஒரு வாரம் சொல்லிச் சிரிச்சாரு."

இருதயராஜ் சாவியிலிருந்து கையை எடுத்தார்.

"சாவி போட்டா லைட்டே எரியல. சூட்டுல நின்னா டக்குனு ஒரு சத்தமாவது வரும். சீட்டுக்குக் கீழதானே சுவிட்ச்?"

"பாண்டியா. உன் தங்கச்சி ஒரு தடவை மூஞ்சி பாத்துட்டுப் போயிடறேங்குது. அழக்கூட மாட்டேங்குது."

"தெரியும். நான் வீட்ல இருந்து கிளம்பும்போதே பாத்துட்டேன். பஞ்சர் கடையில."

"ஒரு நிமிஷம்பா."

"பின்னால நிக்கிறாங்க பாருங்க, எங்க பெரியப்பா பசங்க. அவ இந்தத் தெருவுல கால் வச்சா அத்தினி பேரும் அப்பிடியே திரும்பிடுவாங்க. காலையிலயே சொல்லிட்டாங்க. சுடுகாட்டுல நானும் நீங்களும் மட்டும் எறக்கறதா? எங்கம்மாவை அநாதையா எறக்கறதா?" முகத்தை ஒரு கையால் அழுத்தித் துடைத்தான். "அவளுக்கு அம்மா. எனக்கு மட்டும் யாரு?"

வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். "இன்னாச்சி?"

"சரி பண்ணிக்கினு இருக்காரு" என்றான் பாண்டியன். பிறகு இருதயராஜிடம், "நீங்க கை வுடறீங்களா, நான் வுடட்டா?" என்றான்.

இருதயராஜ் கையைக் கீழே விட்டார். சுவிட்ச் இருக்கும் இடம் உடனே அகப்படவில்லை. அகப்பட்டதும் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாண்டியன் காத்திருந்தான். அவசரப்படுத்தவில்லை.

சாவியைத் திருப்பினார்.

வண்டி ஒரே திருப்பில் எடுத்தது. இன்ஜின் சூட்டில் இருந்தது. குழாய் கொதித்துக்கொண்டிருந்தது. மோட்டார் மட்டும் ஆறியிருந்தது.

"பாத்தியா" என்று ஒருத்தி சொன்னாள். "சின்னவன் குரலைத்தான் கேட்டிருக்கு."

மேளம் கிளம்பியது. நாத்தனார் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தாள்.

மெயின் ரோட்டில் ஏறி இடது பக்கம் திரும்ப வேண்டும். இருதயராஜ் திருப்பத்தை அகலமாக எடுத்தார். பஞ்சர் கடையை ஒட்டி வண்டியைக் கொண்டு போனார். ஜோதி கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றாள். தொடவில்லை. வண்டியின் இரண்டு பக்கக் கண்ணாடியும் மாலைகளால் மூடியிருந்தன. அவள் குனிந்து பார்த்தாள். எட்டிப் பார்த்தாள். வண்டியோடு நாலு எட்டு நடந்தாள்.

பாண்டியன் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

"போங்கண்ணா" என்றான்.

போனார்.

சுடுகாட்டில் தோள் கொடுக்க ஆட்கள் நிறையவே இருந்தார்கள்.

பொழுது இறங்கும் நேரத்துக்கு இருதயராஜ் வண்டியை முனிரத்தினத்தின் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். பூவை எல்லாம் கூட்டி அள்ளினார். தண்ணீர்க் குழாயை மாட்டிக் கழுவினார். உள்ளே கழுவி, கண்ணாடிகளைக் கழுவி, சக்கரத்துக்கு வந்தபோது கேட்டருகே ஜோதி நிற்பதைப் பார்த்தார். கோட்டு இன்னும் கையில் மடித்தபடியே இருந்தது.

தண்ணீரை நிறுத்தினார்.

"வாம்மா."

அவள் உள்ளே வந்தாள். ஈரத்தை மிதிக்காமல் ஓரமாக நின்றாள். காலியாகத் திறந்து கிடந்த பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"நான் நிறுத்தினேம்மா" என்றார். "ரெண்டு தடவை நிறுத்தினேன்."

"பாத்தேன்ணா."

"அவங்க உன் தம்பியைக் கூப்ட்டாங்க."

"கேட்டுச்சி. அம்மான்னு கத்தினான்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "என்னைத்தான் கூப்பிடறாங்கன்னு நெனைச்சேன். முன்னால வந்துட்டேன். எல்லாரும் அந்தப் பக்கமே பாத்துக்கினு நின்னாங்க."

இருதயராஜ் குழாயைச் சுருட்டத் தொடங்கினார். பாதியில் விட்டார். பாண்டியன் சொன்னதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தார். எதைச் சொன்னாலும் அது இன்னொருவர் பக்கம் பேசுவதாகவே இருந்தது. சொல்லவில்லை.

"வூட்டுக்குப் போம்மா. இருட்டப் போவுது. ஹெலன் வந்திருப்பா, நம்ம வூட்டுக்கு வேணா வா. சாப்ட்டியா நீ?"

அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வண்டிக்குள் பலகை ஈரமாக மின்னியது. ஒரு ரோஜா இதழ் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"நீங்கதானேண்ணா பின்கதவு தொறந்து வுட்டீங்க."

"ஆமா."

"பக்கத்துல நின்னீங்க இல்ல."

"நின்னேன்."

"வெளிய இருந்து பாத்தா பூதான் தெரிஞ்சிது" என்றாள். பிறகு கேட்டாள். "அம்மாவுக்கு இன்னா சேலை கட்டியிருந்தாங்க?"